ஆற்றில் வந்த கட்டை மீன்தொட்டிக்கு: அவிப்பதா, ஊறப்போடுவதா?

சித்திரையில் கொள்ளிடம் பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். போன வருஷம் அப்படி ஒரு சாயங்காலம், திருமானூர்ப் பாலத்துக்குக் கீழே நாணல் ஓரமாக நடந்தபோது ஒரு வேர்க்கட்டை காலில் தட்டியது. பாதி மணலில் புதைந்திருந்தது. தோண்டி எடுத்தால் ஒன்றரை முழ நீளம். மூன்று வேர்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நடுவில் சின்ன மீன் நுழைந்து வெளியே வருகிற அளவுக்கு ஒரு பொந்து. வெள்ளத்தில் உருண்டு, மணலில் தேய்ந்து, பட்டை துளிகூட இல்லை. தடவிப் பார்த்தால் பழைய உலக்கையின் பிடி மாதிரி வழவழவென்று இருந்தது. விட மனசு வரவில்லை. வண்டியில் பின்னால் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

திண்ணையில் வைத்தபிறகு வழக்கமான கேள்வி. இதை எப்படித் தொட்டிக்குள் இறக்குவது? மீன் வளர்ப்பவர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அண்டாவில் போட்டு அவி என்பார் ஒருவர். ட்ரம்மில் மாதக்கணக்கில் ஊறட்டும் என்பார் இன்னொருவர். கல்லுப்பு போடு, ப்ளீச்சிங் போடு, ஓவனில் சுடு என்பவர்கள் உண்டு. இவ்வளவு பாடு எதற்கு, கடையில் மீன்தொட்டிக்கென்றே விற்கிற மலேசியன் கட்டை வாங்கிப் போடு என்பவர்களும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து பார்த்தவன் என்பதால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்னீர்த் தொட்டிக்கு அவித்து, பிறகு ஊறப்போடுவதுதான் சரி. இரண்டில் ஒன்றுக்குத்தான் வழி இருக்கிறது என்றால் ஊறப்போடுங்கள். உப்பும் ப்ளீச்சிங்கும் வேண்டாம். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறப்போட்டு, அவித்து, காயவைக்கிறோம் இல்லையா? கட்டைக்கு அதே மூன்று வேலைதான், வரிசை மட்டும் திரும்பி நிற்கும்: காயவைத்து, அவித்து, ஊறப்போட வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. தப்பான கட்டையை எந்த வைத்தியமும் சரியாக்காது. எங்கே கிடந்தது, என்ன மரம், உள்ளே உறுதியா என்ற மூன்றும் தெரியாமல் அடுப்பைப் பற்றவைப்பதில் பயனில்லை.

டெல்டாவில் கட்டை கிடைக்கிற இடங்களில் கொள்ளிடத்து மணலுக்குத்தான் என் முதல் ஓட்டு. காவிரியின் மிகைநீரெல்லாம் முக்கொம்பிலிருந்தும் கல்லணையிலிருந்தும் அந்தப் பக்கமாகத்தான் போகும். முக்கொம்பு மேலணையில் ஒன்பது ஷட்டர்களை அடித்துக்கொண்டு போன 2018 ஆகஸ்ட் வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால், எங்கெங்கோ சாய்ந்த மரங்களின் வேர்களெல்லாம் உருண்டு வந்து மணலில் தங்கும். அப்புறம் வருஷக்கணக்கில் வெயிலும் தண்ணீரும் மாறி மாறிப் பட்டு, பச்சையும் பாலும் பிசினும் போய், சாறற்ற கட்டையாகிவிடும். நமக்கு வேண்டியது அதுதான். தேடப் போகிறவர்கள் தண்ணீர் வற்றிய இடத்தில் மட்டும் தேடுங்கள். மணல் எடுத்த குழிகளை மேலிருந்து பார்த்து ஆழம் சொல்ல முடியாது. அணைக்கரைப் பக்கத்து மடுக்களில் முதலை உண்டு. அங்கே தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

வாய்க்காலில் கிடைத்தால் யோசிப்பேன். வடிகாலில் கிடைத்தால் தொடமாட்டேன். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோவது வாய்க்கால். வயலில் அடித்த மருந்தையும் களைக்கொல்லியையும் சுமந்துகொண்டு வெளியே போவது வடிகால். அதில் மாதக்கணக்கில் ஊறிய மரம் எதையெல்லாம் குடித்திருக்கும் என்பதை மீனை விட்டுச் சோதிக்க நான் தயாரில்லை.

குளத்துக் கட்டை இன்னொரு ரகம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தெற்கு டெல்டாவில் சாய்ந்த மரங்களுக்குக் கணக்கில்லை. அப்படிக் குளத்துச் சேற்றில் விழுந்து கிடப்பது நன்றாகவே ஊறி, எடுத்ததும் மூழ்கும். ஆனால் காற்றுப் படாத கருஞ்சேற்றில் கிடந்ததால் அழுகிய முட்டை நாற்றம் இருக்கும். மாதக்கணக்கில் காய்ந்தும் அந்த வாசனை போகவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கடற்கரையில் ஒதுங்குவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பூம்புகார், நாகப்பட்டினம் கரைகளில் வெள்ளி மாதிரி மின்னுகிற அழகான கட்டைகள் கிடக்கும், உண்மைதான். அதில் நாடி நரம்பெல்லாம் உப்பு. பாதி கட்டைகள் படகுப் பலகையாகவோ துறைமுகக் கட்டையாகவோ இருந்தவை. பெயின்டும் ஆணியும் தாரும் கூடவே வரும். உப்பை எடுக்கவே மாதக்கணக்காகும் என்பதால், அதே உழைப்புக்கு ஆற்றுக் கட்டை போதும் என்பேன். முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கோடியக்கரைச் சரணாலயமும் காப்பில் உள்ளவை. அங்கிருந்து குச்சி ஒன்றுகூட எடுக்கக் கூடாது.

அடுத்து, என்ன மரம். இதற்கு எங்கள் தெருக்கோடி ஆசாரி அண்ணனைவிடச் சிறந்த ஆள் எனக்குத் தெரியாது. கட்டையைக் காட்டினேன். உளியால் ஓர் ஓரத்தில் நகக்கண் அளவு சீவினார். உள்ளே கருஞ்சிவப்பு. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். இன்னோர் இடத்தில் சீவி, அந்தச் சிராயை விரல்களுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தார்.

“புளியங்கட்டை தம்பி. நல்லா வைரம் பாஞ்சிருக்கு. இது உன் பேரன் காலம் வரைக்கும் தண்ணியில கிடக்கும்.”

வைரம் பாய்வது என்று அவர் சொன்னதுதான் முழு விஷயமும். மரத்தின் நடுவில் இறுகிப்போன அந்தப் பாகம்தான் தண்ணீரில் நிற்கும். சுற்றியுள்ள வெளுத்த மரம் முதலில் மெத்தென்றாகி உதிரும். புளி, கொய்யா, நாவல், கருவேலம் ஆகியவை நன்றாக உலர்ந்த வைரக்கட்டையாகக் கிடைத்தால் தைரியமாக வைப்பேன். கருவேலம் மட்டும் சாயம் அதிகம் விடும். தோல் பதனிட அதன் பட்டையைத்தானே பயன்படுத்தினார்கள். ஒதி பெருத்தால் உத்திரம் ஆகுமா என்று கேட்பார்கள். தொட்டிக்கும் ஆகாது. முருங்கை, வாழைத்தண்டு வகையறாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். கள்ளி, எருக்கு, அரளி மூன்றும் பால் வடிகிற நச்சுச் செடிகள். புங்கனும் வேம்பும் பூச்சிக்கே ஆகாதவை. தைலமரத்தில் எண்ணெய். இலுப்பையையும் ஒதுக்கிவிடுவேன்: குளத்தில் குஞ்சு விடுமுன் வேண்டாத மீன்களைக் கொல்ல இலுப்பைப் பிண்ணாக்குத்தான் போடுகிறார்கள். என்ன மரம் என்று யாராலும் சொல்ல முடியவில்லையென்றால், மோந்து பாருங்கள். காரமான வாசனையோ கற்பூர வாசனையோ வந்தால் வேண்டாம்.

மரத்தைத் தண்ணீரில் போடுவது நமக்குப் புதிதில்லை. கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் நெல்லிக்கட்டை போடும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது.

மூன்றாவது, உறுதி. கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். நகம் இறங்கினால் அந்த இடம் போச்சு. ஆணியால் பொந்துகளையும் முடிச்சுகளையும் குத்திப் பாருங்கள். நான் ஒரு தடவை இதைச் செய்யவில்லை. வெளியே கல் மாதிரி இருந்த ஒரு கட்டை, நடுவில் களிமண் அடைத்திருந்தது தெரியாமல் இரண்டு நாள் ஊறவைத்து உள்ளே வைத்துவிட்டேன். மூன்றாவது வாரம் விடியற்காலையில் எழுந்து பார்த்தால் டெட்ரா மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கட்டையைத் தூக்கி உடைத்தேன். களிமண்ணுக்குப் பின்னால் ஊறின அவல் மாதிரி நசநசவென்று ஒரு கைப்பிடி அழுகல். அழுகல் மக்குவதற்கு ஆக்சிஜன் வேண்டும். செடிகளும் இரவில் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். விடியும்போது மீனுக்கு மிச்சம் இல்லை. ஆறு மீன்கள் செத்தன. அதிலிருந்து ஆணி இல்லாமல் நான் கட்டை பார்ப்பதில்லை.

சரி, கட்டை தேறிவிட்டது. பட்டை ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்து, தேங்காய்நார் போட்டுத் தேய்த்து, இரண்டு வாரம் வெயிலில் போடுங்கள். அக்னி நட்சத்திர வெயில் இந்த ஒரு வேலைக்கு நல்லது. சோப்புப் படவே கூடாது.

அவிப்பதில் இரண்டு லாபம். ஒன்று, உள்ளே இருக்கிற புழு, முட்டை, பூஞ்சை எல்லாம் சாகும். கப்பலில் நாடுவிட்டு நாடு போகும் மரப்பெட்டிகளுக்கு ஓர் உலக விதி உண்டு: மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி. அதனால் சூடு போதுமா என்பது கேள்வியே இல்லை. நடுவரை போய்ச் சேர்ந்ததா என்பதுதான். மணிக்கட்டுக் கனமுள்ள கட்டைக்கு இரண்டு மணி நேரமும் தொடைக் கனத்துக்கு மூன்று, நாலு மணி நேரமும் கொதிக்க விடுகிறேன். அதற்கு மேல் போனால் நார் தளர்ந்து, கட்டையின் மேல்தோல் பஞ்சுபஞ்சாக எழும்பும்.

இரண்டாவது லாபம், மூழ்குவது. உள்ளிருக்கும் காற்றைக் கழித்துவிட்டு மரப்பொருளை மட்டும் எடுத்தால், அது தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். ஆனாலும் மிதப்பது உள்ளே அடைந்திருக்கும் காற்றினால்தான். கொதிக்கும்போது அந்தக் காற்று குமிழ் குமிழாக வெளியேறும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். அடுப்பை அணைத்ததும் கட்டையை வெளியே எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே போகும். அதே தண்ணீரில் மூழ்கியபடியே ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். ஆற ஆற, காற்று இருந்த இடத்துக்குத் தண்ணீர் இழுபடும்.

பாத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நெல் அவித்த பித்தளை அண்டா ஒன்று பரணில் இருக்கிறது. அளவு கச்சிதம். ஆனால் பித்தளையிலும் செம்பிலும் இந்த வேலை வேண்டாம். கட்டை விடுகிற சாறு துவர்ப்பும் லேசான புளிப்புமானது. செம்பைக் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும். செம்பு, இறாலுக்கும் நத்தைக்கும் எமன். இரும்பும் ஆகாது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. கட்டை கன்னங்கரேலென்று ஆகிவிடும். அலுமினியமோ எவர்சில்வரோ எடுங்கள். நான் ஒரு பழைய அலுமினிய அண்டாவை இறக்கியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: “கட்டையை வேகவச்ச அண்டாவுல மறுபடி சோறு வடிக்கச் சொல்லமாட்டியே?” மாட்டேன் என்று சொல்லி அதைக் கொல்லைக்கே ஒதுக்கிவிட்டேன். குக்கரில் போட்டு மூடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். உதிரும் சிராய் வெயிட் ஓட்டையை அடைத்தால் ஆபத்து.

அவிப்பதன் குறை, அண்டாவுக்குள் அடங்குகிற கட்டைக்கு மட்டும்தான் அது முழு வைத்தியம். பாதியை நனைத்துத் திருப்பிப் போட்டு அவிப்பது அரைகுறைதான். என் கட்டையின் ஒரு வேர் வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது. அதன்மேல் கொதிநீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். மீதியை ஊறல் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான்.

அந்த நம்பிக்கை வீணாகாது. ஊறப்போடுவதற்குக் காலம் தவிர வேறு செலவில்லை. எவ்வளவு பெரிய கட்டையானாலும் ஒரு பழைய ட்ரம்மோ சிமென்ட் தொட்டியோ போதும். முதல் தண்ணீர் கும்பகோணத்து முதல் டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக இருக்கும். மாற்றினால் இரண்டாம் டிகாக்‌ஷன். அப்புறம் மூன்றாம் தண்ணீர், நான்காம் தண்ணீர் என்று வெளுத்துக்கொண்டே போகும். ஒரு நாள் முழுக்க ஊறியும் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பார்த்தால் லேசான தேன் நிறம்தான் என்றால் போதும். அந்தச் சாயம் டானின், துவர்ப்புச் சத்து. மீனுக்குக் கெடுதல் இல்லை. ஃபைட்டரும் டெட்ராவும் அந்த நிறத் தண்ணீரில்தான் நன்றாக இருக்கும். கடினநீர் கேட்கிற கப்பி, மோலி வைத்திருப்பவர்களும் பயப்பட வேண்டாம். நம் போர் தண்ணீர் பல இடங்களில் கடினநீர், கொஞ்சம் டானின் அதன் தன்மையைப் பெரிதாக மாற்றிவிடாது. நிறம் பிடிக்காதவர்கள் ஃபில்டரில் சாயத்தை உறிஞ்சுகிற ஆக்டிவேட்டட் கார்பன் போடலாம்.

ஊறலின் நிஜமான ஆபத்து கொசு. முட்டை கொசுவாக ஏறக்குறைய பத்து நாள் போதும். அதனால் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை முழுக்கக் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில்தான் முட்டை ஒட்டும், அது காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். துடைப்பத்தால் உள்சுவரைத் தேய்த்துவிட்டு நிரப்பி, மேலே வலை கட்டுங்கள். இதற்கு முடியாது என்றால் ஊறப்போடவே வேண்டாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு நம் தொட்டி காரணமாகக் கூடாது.

கல்லுப்பு ஆசை காட்டும். வேதாரண்யத்து உப்பு நமக்குப் பக்கம், மலிவு. ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராம் வரை கரையும். அந்த அடர்த்தியில் மேலே இருக்கிற உயிரினம் பலவும் சாகும். ஆனால் அதே உப்பு கட்டைக்குள் இறங்கும். பிறகு அதை வெளியே எடுக்க மறுபடி வாரக்கணக்கில் நல்ல தண்ணீர். கடற்கரைக் கட்டையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆற்றுக் கட்டையை நாமே கடற்கரைக் கட்டையாக்குவானேன்? ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு ஒரு வழி: தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டரால் வெறும் தண்ணீரை அளந்துகொண்டு, கட்டையை அதில் ஒரு நாள் போட்டுவைத்து மறுபடி அளங்கள். எண் தெரியும்படி ஏறினால் உப்பு இன்னும் வருகிறது.

ப்ளீச்சிங்கை நான் கல்லுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். குடிநீர்க் குழாயில் இருக்க வேண்டிய மீதக் குளோரினே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்தான், அதற்கும் குறைந்த அளவிலேயே மீனின் செவுள் வெந்துபோகும். மரமோ பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். குளோரினை முறிக்கிற ஆன்டி-குளோரின் சொட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு கடையில் சொன்னார்கள். தண்ணீரில் இருப்பது சரியானது, கட்டையின் உள்ளே இருந்தது சரியாகவில்லை. நாலு நாள் கழித்தும் கட்டையை முகர்ந்தால் நீச்சல்குள வாசனை அடித்தது. அந்தக் கட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டேன்.

ஓவன் விஷயத்தில் ஒரே வரி: காய்ந்த மரம் தீப்பிடிக்கும், வெடிக்கும், மூழ்கவும் உதவாது.

கடைக் கட்டையைக் குறைத்துச் சொல்லமாட்டேன். சென்னை கொளத்தூரிலிருந்து வருகிற மலேசியன் கட்டை கனமானது, பெரும்பாலும் உடனே மூழ்கும், என்ன மரமோ என்ற பயம் குறைவு. அடுத்த வாரமே தொட்டி தயாராக வேண்டும், கொல்லை இல்லாத மாடி வீடு என்றால் அதுவே நல்லது. ஆனால் அதையும் ஒரு வாரமாவது ஊறவைக்கத்தான் வேண்டும். சாயம் அதிலும் வரும். கிலோ கணக்கில் விற்பார்கள் என்பதால் ஈரக் கட்டைக்குத் தண்ணீரின் எடைக்கும் சேர்த்துக் காசு கொடுப்போம்.

ஊறியும் மூழ்காத கட்டையைக் கல்லில் கட்டலாம். பலர் கடப்பைக்கல் துண்டில் திருகுகிறார்கள். அது சுண்ணாம்புக்கல் இனம். மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தை ஏற்றும். வண்டல் பூமியில் கருங்கல்லுக்கு எங்கே போவது என்றால், உடைந்த அம்மித் துண்டு ஒன்று எந்தத் தெருவிலும் கிடைக்கும். அதில் தூண்டில் நரம்பால் கட்டுங்கள். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இறுகச் செருகி வைக்க வேண்டாம். மரம் தண்ணீர் குடித்து உப்பினால் கண்ணாடி விரியும்.

உள்ளே வைத்த முதல் வாரத்தில் கட்டையின்மேல் வெள்ளையாக, கஞ்சி ஆடை மாதிரி வழவழப்பாக ஒன்று படரும். மரத்தில் மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்று வளர்கிற பூஞ்சையும் பாக்டீரியாவும் அது. இதைப் பார்த்துப் பதறிக் கட்டையை வெளியே எடுத்தவர்கள் நிறையப் பேர். கெடுதல் ஒன்றுமில்லை. இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் போகும். நத்தை இருந்தால் இன்னும் சீக்கிரம். சக்கர் மீனும் தின்னும், ஆனால் அதை வாங்கினால் கடைசிவரை வைத்திருங்கள். பெரிதானபிறகு ஆற்றில் விட்டுவிடாதீர்கள். நம் கெண்டைகளுக்கு அது கேடு.

என் புளியங்கட்டை வைகாசிக் கடைசியில் வெந்தது. ட்ரம்மில் ஏழு தண்ணீர் மாறியது. தினமும் காலையில் ஒரு விரலால் அழுத்திப் பார்ப்பேன். முதலில் தக்கை மாதிரி எழும்பியது, பிறகு சோம்பலாக எழும்பியது, பிறகு ஒரு முனை மட்டும் மேலே நின்றது. கொதிநீர் மொண்டு ஊற்றிய அந்த வேர்தான். ஆடி பிறந்து மூன்றாம் நாள் வலையை விலக்கிப் பார்த்தபோது தண்ணீரின் மேல் எதுவும் இல்லை. கையை விட்டுத் துழாவினேன். அடியில் கிடந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது, அவ்வளவு கனம். இப்போது அந்தப் பொந்தில் இரண்டு கோரிடோரஸ் மீன்கள் பகலெல்லாம் படுத்திருக்கின்றன.